முட்டையில்லாத மாரி

எங்கள் வீட்டுக் கோழிகள் கார்த்திகை விளக்கீட்டோடு முட்டை போடுவதை நிறுத்திக்கொண்டன. ஒவ்வொரு வருடமும் நிறுத்துகிறவைதான். மாரி பிறந்து வாடைக்காற்று வேலியைப் பிடித்து உலுப்பத் தொடங்கியதும், அவை மாட்டுக்கொட்டிலின் தாழ்வாரத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, முட்டை என்றொரு சாமான் உலகத்தில் இருப்பதே தெரியாதவை மாதிரி எங்களைப் பார்க்கும். மற்ற வருடங்களில் அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. போட்டால் முட்டைப் பொரியல், போடாவிட்டால் கத்தரிக்காய்க் குழம்பு, அவ்வளவுதான். அந்த ஒரு மாரியில் மட்டும் அது ஒரு மனிதன் இருப்பதா போவதா என்ற விசயமாகிப் போனது.

அந்த மனிதன் என்னைப் பெற்ற ஐயா. சண்டிலிப்பாயில் புகையிலையும் மிளகாயும் வைத்துச் சீவித்தவர். அறுபதுகளின் நடுப்பகுதி அது. வீட்டில் ஐயா, அம்மா, நான் என்று மூன்று பேர்தான். நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, கலியாணம் வரும் என்று சும்மா இருத்திவைக்கப்பட்டிருந்த பெட்டை. ஐயா பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு ஐப்பசியில்தான் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்குச் சயரோகம்.

இந்தச் சொல்லை இப்போது இவ்வளவு இலகுவாக எழுதிவிட்டேன். அந்த நாளில் எங்கள் வீட்டுக்குள் அதை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. எங்களுக்குள் அது ‘நெஞ்சுச் சளி’. ஊருக்கு அதையும் சொல்லவில்லை. ஐயாவுக்கு வயிற்றில் புண், ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்தார்கள் என்று அம்மா ஒரு பொய்யைக் கட்டி, அதைக் கண்ணும் கருத்துமாக வளர்த்து வந்தார். இருமலுக்குச் சுருட்டைப் பழி சொன்னோம். இவ்வளவுக்கும் காரணம் நான். உடுப்பிட்டியில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். சயரோகக்காரன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? பெண்ணின் நெஞ்சிலும் அது ஒளிந்திருக்கும், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று எல்லோரும் நம்பிய காலம். ஐயாவின் கோப்பையும் பேணியும் யன்னல் விளிம்பில் தனியாக இருக்கும். படலை திறக்கிற சத்தம் கேட்டால் அம்மா ஓடிப்போய் அவற்றைச் சேலைத் தலைப்புக்குள் ஒளிப்பார்.

ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது ஒரு பெரிய போத்தல் நிறையக் குளிசை கொடுத்துவிட்டிருந்தார்கள். தடித்த வெள்ளைக் குளிசை, ஒரு நேரத்துக்கு ஒரு கைநிறைய விழுங்கவேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் பிரட்டிக்கொண்டு எல்லாம் வெளியே வந்துவிடும். கஞ்சி கொடுத்தோம், வந்தது. பால் கொடுத்தோம், வந்தது. பிட்டையும் இடியப்பத்தையும் கண்டாலே மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வயிற்றில் நின்றது ஒன்றே ஒன்றுதான், அரை அவியல் முட்டை. மேல்கோதைத் தட்டி எடுத்து, உப்பும் மிளகுதூளும் போட்டு, ஈர்க்கால் கலக்கிக் கொடுத்தால் அப்படியே உறிஞ்சிவிடுவார். அதற்குப் பிறகு குளிசையைப் போட்டால் குளிசையும் நின்றது. முட்டை இல்லாத நாள் குளிசை இல்லாத நாள். குளிசையை இடையில் விட்டால் நோய் முன்னையைவிட மூர்க்கமாக எழும்பும் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

எங்களிடம் ஆறு பேடுகளும் ஒரு சேவலும் நின்றன. ஐப்பசி முழுக்க அவை குறை வைக்கவில்லை. விடிய ஒன்று, மத்தியானம் ஒன்று என்று போட்டுவிட்டுக் கொக்கரித்து ஊரைக் கூட்டின. பிறகு மழை வந்தது. முட்டை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகி, பிறகு கிழமைக்கு ஒன்றாகி, விளக்கீட்டுக்குப் பந்தம் கொளுத்தி வளவில் நட்ட அன்று கூட்டைத் திறந்து பார்த்தால் வெறும் வைக்கோல். நான் கூட்டுக்குள் தலையை விட்டு அவற்றைப் பேசிய பேச்சை இங்கே எழுத ஏலாது.

கள்ளப் பேடுகள் வெளியில் எங்கேயோ போடுகின்றன என்று நினைத்தேன். வைக்கோல் போருக்குப் பின்னால், எலுமிச்சம் பற்றைக்குள், விறகு அடுக்கின மூலைக்குள் என்று மழைக்குள் முக்காடு போட்டுக்கொண்டு தேடினேன். ஒரு முட்டை அகப்பட்டது. எந்தக் காலத்தில் போட்டதோ, கையில் எடுக்க வெடித்தது. அந்த நாற்றம் தோய்த்த பிறகும் சட்டையை விட்டுப் போகவில்லை. கீரி குடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. விடியப்புறம் ஒவ்வொரு பேட்டையும் பிடித்து விரல் விட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம். முட்டை இருந்தால் விரலில் தட்டுப்படும்.

“உள்ளுக்கை ஒண்டும் இல்லைப் பிள்ளை. கீரி எதைக் குடிக்கிறது?” என்றார்.

குளிர்தான் காரணம் என்று அம்மாவுக்குப் பட்டது. பிள்ளை பெற்றவளை எங்கள் ஊரில் எப்படி வைத்திருப்பார்கள்? காற்றுப் படாமல் கதவு யன்னலைச் சாத்தி, மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி அரைத்துச் சரக்குக்கறி காய்ச்சிக் கொடுத்து, வேர்க்க வேர்க்க வைத்திருப்பார்கள். கோழி நாள்தோறும் பெறுகிறது என்றால் அதற்கும் அந்தப் பக்குவம்தானே என்பது அம்மாவின் கணக்கு. எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. கூட்டை மூன்று பக்கமும் சாக்கால் மூடினோம். கோணூசியும் சணலும் எடுத்து நானே தைத்தேன். நாலாவது பக்கத்துக்கு ஐயா உடுத்த பழைய சாரம். உள்ளே கையை விட்டால் அடுப்படி மாதிரிக் கணகணவென்று இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டு. மழை கூடின நாட்களில் பேடுகளை வெளியில் விடவும் இல்லை. அரிசிக் குறுநலோடு சரக்குத்தூளும் உள்ளியும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுத்தோம். ஆசையாய்த் தின்றன. தின்றுவிட்டு இறகைக் கொட்டின. கூட்டைத் திறந்தால் ஒரு தலையணைக்குக் காணும் இறகு கிடக்கும். எங்களுக்குத் தலையணை தேவைப்பட்டிருந்தால் அந்த மாரி எவ்வளவு நல்ல மாரி.

ஐயா அறைக்குள் கிடந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

“இஞ்சரும், அதுகளுக்கு வேதுத்தண்ணி வாத்து முழுக்கவும் வையுமன்,” என்று, பிள்ளை பெற்றவளுக்கு வார்க்கிற மூலிகைத் தண்ணீரைச் சொல்லி அம்மாவைப் பகிடி பண்ணுவார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் துணியில் சிவப்பு வரும். அதனால் பகிடியை விட்டுவிட்டுத் தான் சிரிக்காமல் கிடப்பார். அவருக்கும் சேர்த்து நாங்கள் சிரிக்கவேண்டும். நான் சிரிப்பேன். குசினிக்குள் வந்ததும் அழுகை வரும், அடுப்பை ஊதுகிற சாட்டில் அழுதுவிட்டுப் போவேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறிப்போய்ச் சந்தையில் முட்டை வாங்கினேன். ஃபாமில் வளர்க்கிற வெள்ளைக்கோழியின் முட்டை, அழகாய்த்தான் இருந்தது. மடியில் வைத்து, தெருக் கிடங்குகளில் பஸ் விழுந்தெழும்பும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கோழிகளுக்கு மீன்தூள் போடுவார்களாம். அம்மா அரை அவியலாக்கிக் கொடுத்தார். ஐயா மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், என்னைப் பார்த்தார், நான் பஸ்ஸில் போய்வந்தவள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்த வேகத்திலேயே வந்துவிட்டது. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, “மீன் சந்தைக்கையும் ஒருக்காப் போட்டு வந்தனியோ பிள்ளை?” என்றார். அதற்கும் சிரித்தேன்.

ஊருக்குள் வாங்குவதென்றால் எல்லா வீட்டுக் கோழிக்கும் ஒரே கதை. அதைவிட, நாள்தோறும் முட்டை தேடித் திரிகிற வீட்டில் என்ன நோய் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பாலும் முட்டையும் என்றாலே சனம் ஒருவரை ஒருவர் பார்க்கும். ஆகவே கேட்கவும் ஏலாது, கேட்காமல் இருக்கவும் ஏலாது என்ற நிலையில், நாங்கள் இரண்டு பொம்பிளைகளும் ஆறு கோழிகளின் பின்புறத்தை நம்பிக்கொண்டு இருந்தோம்.

மார்கழி தொடக்கத்தில் விவசாயப் பகுதி உத்தியோகத்தர் ஒருவர் புகையிலைக் கன்று பார்க்கச் சைக்கிளில் வந்தார். இளம் பொடியன், நல்ல குணம். அம்மாதான் அவரோடு தோட்டத்துக் கதையெல்லாம் கதைத்தார். போகிற நேரம் அவர் சாக்குப் போர்த்த கூட்டைக் கண்டு நின்றார்.

“உதென்ன அக்கா, கோழிக்குச் சால்வை?”

“குளிர் தம்பி. முட்டை போடுதுகளில்லை.”

“குளிராலை இல்லை அக்கா. வெளிச்சம் காணாது. கோழி வெளிச்சத்தைக் கண்டுதான் முட்டைக்கு ஆயத்தப்படுறது. மாரியிலை பகல் சுருங்கும், முகிலும் மூடிப்போடும். எங்கடை ஊரிலை பகல் சுருங்கிறது கொஞ்சந்தான். மிச்ச இருட்டை நீங்கள் சாக்காலை உண்டாக்கி வைச்சிருக்கிறியள்.”

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் விரலில் கோணூசி குத்தின காயம் அப்போதும் ஆறாமல் இருந்தது.

அவர் கூட்டுக்குள் குனிந்து பார்த்தார். “இறகு மாத்துதுகள். தின்னுறது முழுக்க இப்ப இறகுக்குத்தான் போகும். சாக்கைக் கழட்டுங்கோ. பகலிலை வெளியிலை விடுங்கோ. பொழுதுபட ஒரு லாம்பைக் கொளுத்திக் கூட்டுக்கை தூக்குங்கோ, படுக்கப் போகுமட்டும் எரியட்டும். ஃபாமுகளிலை லைற் போட்டுத்தான் மாரியிலையும் முட்டை எடுக்கிறவை.”

“லாம்பு வைச்சால் எப்ப இடும் தம்பி?”

“ஒரு மாசம் செல்லும் அக்கா. இளம்பேடு எண்டால் வேறை கதை. இந்த வருசத்துக் குஞ்சு வளந்து முட்டைக்கு வந்திருந்தால், அது முதல் மாரியிலை நிப்பாட்டாது. உங்களிட்டை இல்லையோ?”

எங்களிடம் இல்லை. ஆறும் கிழடுகள். இளம்பேடுகள் நின்றது மாமி வீட்டில், ஒரு வேலிக்கு அந்தப் பக்கம்.

மாமி என்றால் ஐயாவின் தமக்கை. தம்பியில் உயிர். ஆனால் மாமியின் காதில் விழுந்தது வெயில் ஏறமுதல் சங்கானைச் சந்தைக்குப் போய்விடும் என்பதால், அவவுக்கும் நாங்கள் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லியிருந்தோம். அன்று பின்னேரம் நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். மாமியிடம் உண்மையைச் சொல்லி முட்டை கேட்போம் என்றேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தார். அறைக்குள் இருந்து ஐயாவின் குரல் வந்தது.

“ஒருதரிட்டையும் கேக்கவேண்டாம். என்ரை பிள்ளையின்ரை கலியாணம் முடியட்டும். அதுவரைக்கும் நான் தாங்குவன்.”

எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாய்ப் போகவில்லை. நான் முகமே பாராத ஒரு மாப்பிள்ளைக்காக என் தகப்பன் முட்டையை விடுகிறார். அதை எனக்காக என்று வேறு சொல்கிறார். அப்படிச் சொன்னபிறகு நான் யாரோடு சண்டை பிடிப்பது?

சாக்குகளைப் பிரித்தோம். லாம்புதான் அடுத்த இக்கட்டு. குப்பிவிளக்கைக் கூட்டுக்குள் வைத்தால் வைக்கோல் பற்றிவிடும். சிமிளி போட்ட அரிக்கன் லாம்பு வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது ஐயாவின் அறையில் தொங்கியது. குப்பிவிளக்கின் புகை அவருக்கு ஆகாது. இன்னொரு லாம்பு இரவல் வாங்கப்போனால் ஏன் என்பார்கள். நாங்கள் முழுசிக்கொண்டு நிற்க, ஐயாவே சொன்னார்:

“உதைக் கழட்டிக்கொண்டு போங்கோ. இருமுறதுக்கு வெளிச்சம் தேவையில்லை.”

அன்று தொடங்கி, பொழுதுபட்டதும் எங்கள் வளவில் கோழிக்கூடு மட்டும் வெளிச்சமாய் இருந்தது, வீடு இருட்டாய் இருந்தது. லாம்பைச் சரிந்து விழாமல் பார்க்க நான் கூட்டுக்குப் பக்கத்தில் பலகை போட்டு இருப்பேன். வீட்டில் வேறு வெளிச்சம் இல்லாததால் தைக்கிறதும் பின்னுகிறதும் அங்கேதான். பேடுகள் ஆறும் கண்ணை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இறகு கொட்டின கோழி ஒன்றுக்கும் சொந்த அழகு கிடையாது, அந்த வெளிச்சத்தில் இன்னும் அவலட்சணம். தெருவால் போனவர்கள் கோழிக்கூட்டுக்கு என்ன லாம்பு என்று கேட்டால், மரநாய் வருகிறது என்று அம்மா சொன்னார். அறைக்குள் இருமல் கேட்கும்போதெல்லாம் நான் சேவலைப் பார்ப்பேன். அதுவும் என்னைப் பார்க்கும். எங்கள் இருவராலும் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் மாமி வீட்டுக்குப் போனேன்.

“மாமி, தலைக்கு வைச்சு முழுக ஒரு முட்டை தருவியளோ?”

மாமிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “ஓமடி, கலியாணப் பொம்பிளையெல்லோ. மினுமினுக்கத்தானே வேணும்,” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கூட்டுக்குள் கையை விட்டுச் சூடு ஆறாத முட்டை ஒன்றை எடுத்துத் தந்தா. அன்று ஐயாவுக்குக் குளிசை நின்றது. மத்தியானம் எழும்பிச் சுவரில் சாய்ந்து இருந்தார். தோட்டத்துக்கு இறைத்தாயிற்றா என்று, மழை கொட்டுகிற மார்கழியில், பகிடியாய்க் கேட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போனபோதும் மாமி தந்தா. அதற்குப் பிறகு போனபோது என் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. “முட்டையை ஏன்ரி தலையிலை ஊத்திப் பாழாக்கிறாய்? வெந்தயத்தை ஊறவைச்சு அரைச்சுப் பூசு. நான் இதுகளை அடைவைக்கச் சேர்க்கிறன்,” என்றா. ஒரு கிண்ணத்தில் வெந்தயமும் தந்தா. நான் அந்த வெந்தயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய? இருபது வயதுப் பெட்டைக்கு ஒரே ஒரு பொய்தான் வந்தது, இரண்டாவது பொய் வாயில் வரவில்லை.

மார்கழி முடிகிறதுக்குள் உடுப்பிட்டிச் சம்பந்தம் முறிந்தது. நோய் தெரிந்து அல்ல. எனக்கு எழுத இருந்த சீதனக் காணிக்குப் பங்குக் கிணறாம், தண்ணீர் முறைக்கு ஊரோடு அடிபட அவர்களுக்கு விருப்பம் இல்லையாம். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு வந்தது சிரிப்புத்தான். இனியாவது மாமியிடம் சொல்லுவோமா என்று அம்மாவைக் கேட்டேன்.

“இது போனால் இன்னொண்டு வரும். வாயைப் பொத்திக்கொண்டு இரு,” என்றார். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் தன்னுடைய வாயைத்தான் பொத்தினார்.

ஐயா ஒவ்வொரு நாளும் படுக்கையோடு படுக்கையாய்ப் போய்க்கொண்டிருந்தார். குளிசையைக் கஞ்சியில் கரைத்தோம், தேனில் குழைத்தோம், வாழைப்பழத்துக்குள் வைத்தோம். எல்லாம் வந்தது. இடையிடையே ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கொண்டுபோகும்போது, முன்பு தானே நடந்து வந்து ஏறினவரை இப்போது நானும் சாரதியும் தூக்கி ஏற்றினோம். திரும்பவும் வார்ட்டில் நிற்கச் சொன்னார்கள். அவர் ஒரேயடியாய் மறுத்துவிட்டார். “பொங்கலுக்குப் பிறகு பாப்பம்,” என்றார். ஒவ்வொரு நாள் காலையிலும் அம்மா கோழிகளுக்கு விரல் விட்டுப் பார்த்துவிட்டு அறை வாசலில் வந்து நிற்பார். ஐயா கேட்கமாட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டுவார். கடைசிக் கிழமையில் அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. கறுத்தப் பேட்டுக்குக் கொண்டை சிவந்து வருகிறது, புது இறகு மினுங்குகிறது என்றார். இன்னும் கொஞ்சம் நாள், இன்னும் கொஞ்சம் நாள் என்று வேலை செய்யும்போதெல்லாம் முணுமுணுத்தார்.

பொங்கல் பானை இறக்கி, படைத்து, சூரியனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தபோது ஐயா விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு விரலால் பொங்கலைத் தொட்டு நாக்கில் வைத்தார். அடுத்த நாள் மாட்டுப்பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றபோது அம்மா என்னைக் கூப்பிட்ட சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

முட்டை இருந்திருந்தால் ஐயா தப்பியிருப்பாரா என்று பிறகு பலபேரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பழுதாய்ப்போன நெஞ்சுக்கு முட்டை என்ன செய்யும் என்று ஒரு டொக்டர் சொன்னார். குளிசை ஒழுங்காய்ப் போயிருந்தால் சொல்லமுடியாது என்று இன்னொருவர் சொன்னார். நான் இரண்டு பேரையும் நம்பவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வளவில் முட்டை இருந்தது என்பதுதான்.

சாம்பல் அள்ளிவிட்டு ஆம்பிளைகள் திரும்பி வந்த காலையில், ஒப்பாரி கொஞ்சம் ஓய்ந்து, பெண்கள் முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டிருந்த நேரம், கறுத்தப் பேடு கொக்கரித்தது. சும்மா இல்லை, தொண்டை கிழிய. செத்தவீட்டில் அப்படியொரு கொண்டாட்டம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எழும்பிப் போனார். நானும் பின்னால் போனேன். வைக்கோலுக்குள் ஒரு முட்டை, மேலே சின்னதாய் ஒரு இரத்தக்கோடு. அம்மா அதை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, மற்றக் கையை அடுத்த பேட்டுக்கு நீட்டினார். அதற்கும் விரலில் தட்டுப்பட்டது.

அதற்குப் பிறகு நிறுத்த ஏலவில்லை. லாம்பு தன் வேலையைச் செய்துவிட்டது. ஒன்றைப் பார்த்து ஒன்று, ஆறும் போடத் தொடங்கின. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை செத்தவீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் ஆகாது, முட்டையும் ஆகாது. தின்ன ஆளில்லாத வீட்டில் முட்டை குவிந்தது. யாருக்காவது கொடுத்துவிடு, அடை வை என்று பெண்கள் சொன்னார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. ஓலைப்பெட்டிக்குள் தவிட்டைப் பரப்பி ஒவ்வொன்றாய் அடுக்கி, ஐயாவின் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

மாமிக்கு அப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. மரணச் சான்றிதழில் எழுதியிருந்ததை ஆரோ வாசித்திருந்தார்கள். அவ என்னை ஏசிப் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லது. வந்து பக்கத்தில் இருந்து என் தலைமயிரைத் தடவிக்கொண்டு, “தலைக்கெண்டெல்லோ கேட்டனி,” என்று மட்டும் சொன்னா. சொல்லிவிட்டுத் தடவிக்கொண்டே இருந்தா.

இடையில் மச்சம் சமைக்கிற நாள் ஒன்று மட்டும் உண்டு, அது எட்டாம் நாள் வருகிற எட்டுச்செலவு. இறந்தவருக்கு விருப்பமானது எதுவோ, மீனோ இறைச்சியோ சாராயமோ, எல்லாவற்றையும் செய்து, பொழுதுபட அவர் படுத்திருந்த இடத்தில் படைப்போம். படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் வெளியே நிற்போம். அன்று குசினி நிறையச் சொந்தக்காரப் பெண்கள். அவர்களில் ஒரு பெரியம்மா ஓலைப்பெட்டியைத் தூக்கிவந்து, குழம்பு வைக்கலாம் என்று முட்டைகளைப் பானையில் போட்டுவிட்டா. அம்மா செத்தவீடு தொடங்கின நாளில் இருந்து சத்தமாய்ப் பேசாதவர். அன்று போட்ட சத்தத்தில் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“எடுங்கோ வெளியிலை! கூட அவிஞ்சால் அவருக்கு இறங்காது!”

பானையைத் தானே இறக்கி, தானே வேறு தண்ணீர் வைத்தார். அம்மாவிடம் மணிக்கூடு இல்லை. முட்டையைக் கொதிநீரில் விட்டுவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக் குசினியை ஒருதரம் கூட்டுவார். கூட்டி முடிய முட்டை பதம். அன்றும் அப்படித்தான், நிற்கிற பெண்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கூட்டினார். குழம்புக்கும் குப்பைக்கும் இடையில் குனிந்து அவர் கூட்டுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒவ்வொரு முட்டைக்கும் மேல்கோதைத் தட்டி, உப்பும் மிளகுதூளும் இட்டு, ஈர்க்கால் கலக்கி, சிறு கிண்ணங்களில் நிமிர்த்தி வைத்தார். அவ்வளவு முட்டையும். வாழையிலையில் சோறு வைக்க இடம் காணாமல் மீன்பொரியலைத் தள்ளி வைக்கவேண்டி வந்தது.

கதவைச் சாத்தினோம். முற்றத்தில் வாடைக்காற்று ஓய்ந்திருந்தது. அம்மா என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் மிளகு மணத்தது.

கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே போனது அம்மாதான். குத்துவிளக்கடியில் குந்தியிருந்து, கிண்ணம் கிண்ணமாய்க் குனிந்து பார்த்தார். மஞ்சட்கரு மேலே ஆடை கட்டியிருந்தது.

“ஒண்டையும் தொடேல்லை மனுசன்,” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “உப்புக் கூடிப்போச்சோ பிள்ளை?”

பின்னால் நின்ற பெண்களில் ஒருவர் விம்மினார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு முட்டைக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு அளவாய்த்தான் இருந்தது.